இடது கீழ் மூலை

பம்பரத்துக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் விளிம்பில் தொற்றிக்கொள்வாளே ஒழிய, அவள் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. பெயர் அக்கா வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. படம் எடுக்கிற தொழிலுக்கு இந்தக் குணம் ஆகுமா என்று கேட்டால் ஆகாதுதான். ஆனால் அவளிடம் அதை யார் சொல்வது? சொல்லி முடிப்பதற்குள் ஆள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள்.

முதலில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துகிற வேலையில் இருந்தாள். மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பது, மாமனாரின் வழுக்கையில் தெறித்த பிளாஷை அணைப்பது, பின்னால் வாயைப் பிளந்து நிற்கிற யாரோ ஒருவரைத் துடைத்துவிட்டு அங்கே சுவர் போடுவது. படத்தில் எங்காவது குறை தெரிந்தால் அவள் கை அரிக்கும். பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்து அங்கே அப்பிவிடுவாள். பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பிறகு அதை உதறிவிட்டுத் தன் சொந்த வேலைக்கு வந்தாள். அந்த வேலையை அக்காவுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இருட்டறைச் சுவரில் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. வருகிறவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். அவர் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தில் பொடி கேமரா ஒன்று இருக்கிறது. கண் புள்ளியை விட்டு நழுவினால் அது காட்டிக்கொடுத்துவிடும், அந்தச் சுற்று செல்லாது. ஒரு புகைப்படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக அரிந்து, புள்ளியைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாக புரொஜெக்டர் மின்னவைக்கும். மின்னியது தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். தெரிந்த கட்டங்கள் மட்டும் படமாக அச்சாகும். தெரியாதது வெள்ளைத் தாளாகவே இருக்கும். ஒரு கண்ணுக்கு ஒரு தாள், ஆளுக்கு இரண்டு தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோருடைய தாளிலும் ஓரமாக எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். கண்ணிலிருந்து நரம்பு கிளம்பிப் போகிற இடத்தில் யாருக்கும் பார்வை கிடையாது. ஆனால் மூளை சும்மா இருக்கிறதா? சுற்றியிருப்பதை எடுத்து அங்கே அப்பிவிடுகிறது. அதனால் ஆயுள் முழுக்க அந்த ஓட்டை ஒருவருக்கும் தெரிவதில்லை. முடிவெட்டுகிறவர் ஒருவர் தன் தாளைப் பார்த்துவிட்டு ஆடிப்போய்விட்டார். "இத்தனை நாளா ஓட்டைக் கண்ண வெச்சிக்கிட்டா கழுத்துல கத்தி வெச்சேன்?" என்று கேட்டார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது மூடிவிடும் என்று சொல்லி அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை செய்கிற இடத்தைத்தான் பம்பரம் படமெடுத்து வைத்திருந்தாள். முடிவெட்டுகிறவருக்கு அவர் கடைக் கண்ணாடி. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அதனால் அவளுக்கு ஓட்டுநர் சீட்டிலிருந்து தெரிகிற பள்ளிக்கூட வாசல்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை, காட்சிக் கூடத்தில் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்து மேலாளர் எதைப் பார்த்தாலும் "பிரமாதம்" என்பார். ஆணி கோணலாக இறங்கினாலும் பிரமாதம்தான். அவர்தான் அக்காவின் தாள்களையும் முடிவெட்டுகிறவரின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

"உங்கக்கா படம் மட்டும் ரொம்ப நிறைவா இருக்கு மேடம். பிரமாதம்."

"அதுல கொஞ்சம் ஒட்டுப் போட்டேன் சார். அன்னைக்கு நம்ம புரொஜெக்டர் மக்கர் பண்ணிடுச்சு. இடது கீழ் மூலை மொத்தமும் விழவே இல்ல."

சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து தூரத்திலிருந்து பார்த்தாள். இரண்டு படமும் நேராகத்தான் இருந்தன. ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். முடிவெட்டுகிறவர் அக்கா வந்த அதே நாள்தான் வந்தார். அக்கா எழுந்த நாற்காலி சூடு ஆறுவதற்குள் இவர் உட்கார்ந்தார். "சுவத்த முறைக்கிறதுக்கு இந்தப் பொண்ணு ஆள் பிடிக்குது, பார்த்துக்குங்க" என்று அக்கா அவரிடம் கேலி செய்துவிட்டுப் போனாள். அதே அறை. அதே சுவர். அதே புரொஜெக்டர்.

அவர் தாளில் இடது கீழ் மூலை முழுசாக இருந்தது.

பம்பரம் லேப்டாப்பைத் திறந்து அக்காவின் அசல் பதிவை எடுத்தாள். மேலே, வலப்பக்கம், நடுவில் எல்லாம் அக்கா அமுக்கித் தள்ளியிருக்கிறாள். இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு கட்டத்துக்குக்கூட அமுக்கவில்லை. வலது கண்ணுக்கும் இல்லை, இடது கண்ணுக்கும் இல்லை. புரொஜெக்டரில் கோளாறு என்றால் அடுத்து உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரிந்தது? ஒருவேளை அவர் உட்காருவதற்குள் அது தானாகச் சரியாகிவிட்டதோ என்று மனசு ஒரு நப்பாசைக்கு ஏங்கியது. பம்பரம் காட்சிக்குக் கொண்டுவந்திருந்த அதே புரொஜெக்டரை உள்ளறை இருட்டில் மாட்டி, அதே சுற்றைத் தனக்கே ஓட்டிப் பார்த்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அசையாமல் உட்கார்ந்தாள். அந்த மூலையில் அத்தனை கட்டமும் பளிச் பளிச் என்று மின்னின.

கோளாறு புரொஜெக்டரில் இல்லை. அக்காவின் பார்வையில்.

அதோடு விட்டதா? அசல் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே தலை சுற்றியது. அந்த மூலையில், வேனின் முன்பக்க ஓரத்தை ஒட்டி, இரண்டு பிள்ளைகள் பையோடு நிற்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால், அக்கா படம் மூளியாகத் தொங்கக் கூடாது என்று அந்த ஓட்டையை அடைத்தவள், அசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பழக்கம், பக்கத்துக் கட்டங்களிலிருந்து எடுத்து அப்பினாள். பக்கத்தில் இருந்தது தார் ரோடு. பிள்ளைகள் நின்ற இடத்தில் அவள் ரோடு போட்டிருந்தாள். அக்காவின் மூளையும் தினமும் அதைத்தானே செய்துகொண்டிருக்கும்!

"மேடம், அடுத்த ஆணி எங்க அடிக்கறது?" என்றார் மேலாளர்.

பம்பரம் அக்காவின் தாள்களைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தாள். கொக்கியோடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. "எங்க வேணா அடிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அதற்கு மட்டும் அவர் பிரமாதம் என்று சொல்லவில்லை.

ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன் அக்காவுக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சிக்னலில் நிற்கும்போது மறுபடி போட்டாள், அப்போதும் எடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிவர அக்கா மூன்று மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் இருப்பாள். காலையில் எல்லோரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நேற்றும் நல்லபடியாகத்தான் வந்தார்கள். மூன்று வாரமாக எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்குப் பயம் ஏறியது. பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன் அடித்து, "தூங்கறியாம்மா?" என்றார். பம்பரத்தைப் பார்த்து ஒருவர் கேட்கிற கேள்வியா அது!

போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகி, ஹோஸ் பைப்பால் சக்கரத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். வேனின் இடது பக்கத்தில் புதிதாக ஒரு கீறல். அதற்குக் கீழே கொஞ்சம் பழைய கீறல் ஒன்று. இரண்டையும் பம்பரம் இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்னடி, நாளைக்கு விழாவ வெச்சிக்கிட்டு இங்க வந்து நிக்கற? கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களா?"

"அக்கா, இந்தக் கீறல் எப்ப விழுந்துது?"

"அதுவா? பள்ளிக்கூடத்துல கேட்ட ஒழுங்கா திறந்து வைக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல. பாதித் திறந்து வெச்சா வண்டி பறந்தா வரும்?"

"அக்கா, இன்னைக்கு நீ வண்டி எடுக்காத."

"ஏன், டயர்ல காத்து இல்லையா?"

"உனக்கு இடது பக்கம் கீழ கண்ணு தெரியல."

அக்கா பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "எனக்கா? பின் சீட்டுல ஒருத்தன் அடுத்தவன் டிபன் பாக்ஸத் திறந்தா முன்னாடி கண்ணாடியிலயே பிடிச்சிடுவேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டறேன்டி நான்."

"அன்னைக்கு எங்கிட்ட வந்து பொத்தான் அமுக்கினியே, அதுல வந்திருக்கு. ரெண்டு கண்ணுலயும் ஒரே இடம்."

"அப்ப உன் மிஷினுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. அத டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன்." பம்பரம் அந்தக் கீறலைத் தடவினாள். "மிஷின் கோளாறுன்னு நெனச்சு அந்த எடத்த நானே மூடிட்டேன். மூணு வாரமாச்சு. அன்னைக்கே பார்த்திருக்கணும். பார்க்கல. உன் படம் அழகா இருக்கணும்னு மூடிட்டேன்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "இந்தத் தெருவுல வந்து கேட்டுப் பாரு, என்ன மாதிரி ஓட்டறவ யாருன்னு. பிள்ளையக் கையில குடுத்துட்டு அப்பன் ஆத்தா நிம்மதியா வேலைக்குப் போறாங்க. இன்னைக்கு நீ வந்து கண்ணு தெரியாதவன்னு சொல்ற. ஊரு முழுக்கச் சொல்லிட்டு வந்தியா, இல்ல எங்கிட்டதான் மொதல்ல சொல்றியா?"

"அக்கா..."

"தள்ளு. நேரமாச்சு."

அவள் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். பம்பரம் ஓடிப்போய் வண்டிக்கு நேர் முன்னால் நின்றாள். அக்கா ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. பம்பரம் நகரவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பிடிவாதத்தில் ஒருத்திக்கு ஒருத்தி இளைத்தவள் இல்லை.

"ஒரே ஒரு தடவை," என்று பம்பரம் கத்தினாள். "சாவிய எடுத்துட்டு நான் சொல்றத ஒரு தடவை செய். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"உன்னால முடியுமா அது?" என்றாள் அக்கா. ஆனாலும் சாவியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எதிர் வீட்டுக் கேட்டுல பூட்டு தொங்குது பாரு. அதையே பாரு. கண்ண எடுக்கக் கூடாது. நான் சுத்தி வரேன். நான் தெரியறவரைக்கும் தெரியுது தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இரு."

அக்கா பூட்டைப் பார்த்தாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவள், பார் என்றால் இமைக்காமல் பார்ப்பாள். பம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு, வேனின் வலது ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் நடக்க ஆரம்பித்தாள்.

"தெரியுது," என்றாள் அக்கா. "தெரியுது. தெரியுது. நடு ரோட்டுல கோமாளி மாதிரி நடக்கறது நல்லாவே தெரியுது. தெரியுது. ம்."

பம்பரம் நடுவைத் தாண்டி இடது பக்கம் வந்தாள். வேனின் ஓரத்தை ஒட்டிக் குந்தி உட்கார்ந்தாள், ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு. பின்னால் எதிர்வீட்டுச் சுவரும், சுவரடியில் ஒரு செடித் தொட்டியும் இருந்தன. தொட்டியை அவள் முழுசாக மறைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன?"

பம்பரம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"ஒளிஞ்சிக்கிட்டா ஆச்சா? பின்னாடி போயிட்டியா? இந்த விளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல."

"அந்தப் பூட்டையே பாருக்கா. இடது பக்கம் கீழ என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? சுவர் தெரியுது. ரோடு தெரியுது. அவங்க வீட்டுச் செடித் தொட்டி தெரியுது. எல்லாம் நல்லாத்தான் தெரியு..."

அக்கா பாதியில் நிறுத்தினாள். குரல் எங்கிருந்து வந்தது என்பது அவள் காதுக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைப் பூட்டிலிருந்து எடுத்துக் கீழே இறக்கினாள். தொட்டி இருந்த இடத்தில், வேனின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில், அவள் தங்கை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தாள்.

அக்கா மறுபடி பூட்டைப் பார்த்தாள். மறுபடி கீழே பார்த்தாள். அப்படியே நாலைந்து தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பம்பரம் இருந்தாள், இல்லை, இருந்தாள், இல்லை. பொல்லாத சோதனை அது, எதிரிக்கும் வரக் கூடாது.

கதவைத் திறந்துகொண்டு அக்கா இறங்கினாள். நின்று பார்த்தாள், பிறகு வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் போன இடம் தெரியவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. பம்பரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மொத வேலையா கண் டாக்டர்கிட்ட போலாம்க்கா. மருந்துக்குக் கேக்கறதா இருந்தாலும் இருக்கும்."

"அது கெடக்கட்டும்," என்றாள் அக்கா. வேனின் முன் ஓரத்தையே பார்த்தாள். பிறகு வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "கடைசி ஸ்டாப்புல ஒரு குட்டி இறங்கும். ஒண்ணாங்கிளாஸ். இறங்கினதும் நேரா வீட்டுக்குப் போகாது. வண்டிக்கு முன்னாடி இந்த ஓரத்துல வந்து நின்னு எனக்கு டாட்டா காட்டிட்டுத்தான் போகும். ரெண்டு மாசமா காட்டறதில்ல. பெரிய கிளாஸ் பசங்களோட சேந்து தலைக்கனம் வந்துடுச்சுன்னு நெனச்சேன். ரோஷமாயிடுச்சு எனக்கு. இறங்கினதும் கதவச் சாத்திட்டு வண்டிய எடுத்துடுவேன்."

பம்பரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாட்டா காட்டற பிள்ளை மேல வண்டிய..." என்று ஆரம்பித்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பிள்ளைகளை யார் கொண்டுவருவது? தெருக்கோடியில் மஞ்சள் வேன்காரர் இருக்கிறார். அவருக்கும் அக்காவுக்கும் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக ஆகாது, நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவருக்கு அன்றைக்குச் சவாரி கிடையாது என்பது அக்காவுக்குத் தெரியும். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "நான்தான் பேசறேன்," என்றாள். "என்னால ஓட்ட முடியாது. இன்னைக்குன்னு இல்ல. என் வண்டிய நீங்க எடுக்கணும்." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "கிண்டல் பண்றதா இருந்தா நாளைக்குப் பண்ணுங்க" என்று சொல்லி வைத்தாள். அவர் கிண்டல் பண்ணவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

அக்கா வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். முன் சீட்டில் இடது பக்கம் ஏறிக்கொண்டாள், பின்னால் பம்பரம். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். "ஆன்ட்டி, உங்க சீட்டுல யாரு?" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். "இன்னைக்கு எனக்கு லீவு, வாய மூடிட்டு உக்காருங்க" என்றாள் அக்கா. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை அமுக்கியது. காட்சிக் கூடத்திலிருந்து பம்பரத்துக்கு போன் வந்தது. எடுத்து, "அக்கா படம் வராது சார், அந்த எடத்த அப்படியே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

ஒவ்வொரு ஸ்டாப்பாகக் காலியாகி, கடைசியில் ஒரே ஒரு பிள்ளை மிஞ்சியது. நெற்றியில் முடி விழ, தன்னைவிடப் பெரிய பையோடு இறங்கியது. மஞ்சள் வேன்காரர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முகத்தை முழுசாகத் திருப்பி, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

குட்டி வீட்டுக்குப் போகவில்லை. வேனின் முன் ஓரத்துக்கு வந்து, குதிகாலைத் தூக்கி நின்று, ஓட்டுநர் சீட்டுப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டியது.

"காட்டுதுடி," என்றாள் அக்கா. "இன்னைக்கும் காட்டுதுடி."

குட்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. கையை இறக்கிக்கொண்டு, பையைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தது. அக்கா கண்ணாடியைச் சரசரவென்று இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அதன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.